மேரியின் தகப்பன்

எங்கள் அம்மாவை வெள்ளைக்காரன் மகள் என்று சொன்ன எவரும் சும்மா வீடு போய்ச் சேர்ந்ததில்லை. பன்வில தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர்ப் பீலியடியில் ஒருத்தி அப்படிச் சொல்லிவிட்டாள் என்று அவளுடைய குடத்தைப் பிடுங்கிச் சாக்கடைக் கானுக்குள் வீசியவள் அம்மா. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு கங்காணி இளித்துக்கொண்டே, "என்னா மேரி, சீமையில இருந்து ஒங்கப்பன் பணம் கிணம் அனுப்புறானா?" என்று கேட்டபோது, முதுகில் கிடந்த கூடையோடு போய் அவன்மேல் மோதினாள். அதற்காக அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். "நிறுத்தட்டும். எங்கப்பா பேரு கறுப்பையா. வேற எந்த நாயும் இல்ல" என்று சொல்லிவிட்டு தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

அம்மா நல்ல கறுப்பு. அவளைக் காட்டி இது வெள்ளைக்காரன் ரத்தம் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரவேண்டும். ஆனால் பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று இருந்து தொலைத்தது. பிள்ளையின் பெயர் மேரி. பிறந்த வருடம் 1938. தாய் நல்லம்மா. தகப்பன் பிரெண்டன் ஹனிகன், ஐரிஷ்காரர், வத்தேகமவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் சின்னத்துரை. துரைமார் லயத்துப் பெண்களுக்குப் பிள்ளை கொடுத்தது ஊரறிந்த கதை. கொடுத்துவிட்டுக் கோயிலில் ஞானஸ்நானமும் செய்வித்துத் தகப்பன் நான்தான் என்று கையெழுத்தும் போட்டவன் இவன் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும். அம்மாவைத் தோட்டப் பள்ளியில் சேர்க்கப் போன நாளில் மாஸ்டர் அந்தக் காகிதத்தை எல்லாருக்கும் கேட்க வாசித்தார். நாசமாய்ப் போனவர், மனதுக்குள் வாசித்திருந்தால் என்ன?

அந்த ஹனிகன் காய்ச்சலில் செத்த பிறகு பெரியதுரை நல்லம்மாவைத் தோட்டத்தைவிட்டு விரட்டினான். அவள் ஒரு தகரப் பெட்டியோடு பன்விலவுக்கு வந்து கறுப்பையாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா அங்கேதான் வளர்ந்தாள். "நீ எம் புள்ள தாயி" என்று கறுப்பையா சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். பெரிய மனசுக்காரர், அடுத்தவன் பிள்ளையைத் தன் பிள்ளை என்கிறார் என்று ஊர் மெச்சியது. அம்மாவுக்கு அந்த மெச்சுதலைக் கேட்டாலும் கோபம்தான் வரும். கறுப்பையாவைப் புதைத்த மேட்டில் பிறகு தோட்டக்காரர்கள் புதுத் தேயிலை நட்டுவிட்டார்கள். அவருக்குக் கல்லும் இல்லை, எந்தப் புத்தகத்திலும் ஒரு வரியும் இல்லை.

இனி என் தம்பி ராஜரத்தினத்தின் கதைக்கு வருகிறேன். அக்குறணையில் முஹைதீன் நானாவின் இரும்புக் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவன். தொண்ணூற்றெட்டில் கண்டியில் குண்டு வெடித்த பிறகு நடந்த சுற்றிவளைப்பில் அவனையும் புலி என்ற சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. இரண்டு வருடம் கழித்து விட்டார்கள். வலது காது கேட்காது, இடது கை விரல்கள் மடங்காது. உள்ளே என்ன நடந்தது என்று அவன் எங்களிடம் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதுமில்லை. முஹைதீன் நானா மட்டும், "வேல அப்படியே ஈக்கி, வாங்கொ தம்பி" என்று மறுபடியும் கல்லாவில் உட்கார வைத்தார். அந்த மனிதருக்கு அல்லா நல்லது செய்யட்டும்.

இரண்டாயிரத்தேழில் மறுபடியும் தொடங்கியது. வெள்ளை வான் வண்டியில் கடத்தப்பட்டு ஆட்கள் காணாமல் போன காலம். ஒருநாள் சிவில் உடுப்பில் இரண்டு பேர் கடைக்கு வந்து தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவன் அப்போது பின்பக்கம் ஆணிச் சாக்கு இறக்கிக்கொண்டிருந்தான். ஊருக்குப் போய்விட்டான் என்று சொல்லி அனுப்பிய நானா, அவனைத் தன் வீட்டு மேல்மாடியில் கொண்டுபோய் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, நேரே வத்தேகமவுக்கு என் தையல் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, செல்றதக் கேளுங்கொ. இவன இங்க வெச்சிக்கிட்டு ஈக்க ஏலாது. எங்கட மருமகன் ஹபீல் டப்ளின்ல ஈக்கிறானே, அவன் செல்றான், பாட்டனோ பாட்டியோ அங்க பொறந்திருந்தா பேரப்புள்ளைக்கு அந்த நாட்டுப் பாஸ்போட் கெடக்கிமாம். ஒங்கட அம்மாட வாப்பா ஐரிஷ்காரன்தானே?"

நான் கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்தேன். சாடையாகச் சுற்றிப் பார்த்தேன், அம்மா பக்கத்தில் இருக்கிறாளோ என்று. இருந்திருந்தால் நானாவுக்கும் ஒரு குடம் பறந்திருக்கும்.

பன்விலவுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அம்மா முதலில் என்னைத்தான் திட்டினாள். "அறுவத்தஞ்சு வருசமா மானத்தக் காப்பாத்தி வச்சிருக்கேன். நீ வந்து அந்தத் தொரைய அப்பான்னு சொல்லச் சொல்றியா? ஒனக்கு வெக்கமா இல்ல?" நானும் விடவில்லை. "மானத்த வச்சிக்கிட்டு ஒம் மவன் பொணத்தையா பாக்கப் போற?" என்று கத்தினேன். பக்கத்து லயத்தார் எட்டிப் பார்த்தார்கள். அம்மா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள். பிறகு எழுந்து போய்ச் சான்றிதழை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். "இந்தக் காகிதத்த எடுத்துக்க. ஆனா எங்கப்பா கறுப்பையா" என்றாள்.

கண்டியில் விமலநாதன் என்ற சட்டத்தரணியிடம் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காகிதங்களைப் பார்த்தார்.

"ஓம், செய்யலாம். பேரனாருடைய, அதுதான் அம்மாவின்ரை தகப்பன்ரை, மரணப் பத்திரம் வேணும். அவர் அயர்லாந்திலை எந்த ஊரிலை பிறந்தவர் எண்டு தெரியவேணும், அப்பதான் அங்கத்தைப் பிறப்புப் பதிவை எடுக்கலாம். பிறகு இன்னொண்டு கிடக்கு. அம்மாவின்ரை பிறப்புப் பத்திரத்திலை முப்பத்தெட்டு, அடையாள அட்டையிலை நாப்பத்திமூண்டு. ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு அவ சத்தியக் கடதாசி முடிக்கவேணும்."

"நான் நாப்பத்திமூணுதான் ஐயா," என்றாள் அம்மா. "கொழும்புல ஜப்பான்காரன் குண்டு போட்டதுக்கு மறுவருசம் பொறந்தேன்னு எங்கப்பா சொல்லுவாரு."

விமலநாதன் சிரித்தார். நானும் சிரித்தேன். வயதைக் குறைத்துச் சொல்கிற ஆசை கிழவிக்கும் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மரணச் சான்றிதழ் தேடிக் கண்டிக் கச்சேரிக்கு, அரசாங்கப் பதிவு அலுவலகத்துக்கு, அலைந்தேன். "செத்தவருக்கு நீங்க யாரு?" என்று கேட்ட எழுத்தரிடம், "பேத்தி" என்றேன். அவர் என் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, ஹனிகன் என்று எழுதியிருந்த விண்ணப்பத்தையும் ஒருமுறை பார்த்தார். "ஏன், பேத்தியாக இருக்கக்கூடாதா?" என்று நான் கேட்ட தொனியில் அவர் உடனே உள்ளே எழுந்து போனார். வந்த சான்றிதழில் 1941, முப்பத்துநான்கு வயது, நெருப்புக் காய்ச்சல் என்று இருந்தது. பிறந்த இடம் அயர்லாந்து. அவ்வளவுதான். அயர்லாந்து என்ன நம் லயத்துக் கோடியா, போய்க் கூப்பிட்டுக் கேட்க? எந்த ஊர் என்று அடக்கம் செய்த கத்தோலிக்கக் கோயிலின் புத்தகத்தில்தான் இருக்கும் என்றார் விமலநாதன்.

அந்தக் கோயில் கண்டிக்கு வெளியே ஒரு மேட்டில் இருந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன், செத்தவரின் மகள் நேரில் வந்தால் சுவாமியார் மறுக்கமாட்டார் என்று. அந்த வேஷத்துக்கே அவள் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். சுவாமியார் வயதானவர், தமிழர். மறுப்பேதும் சொல்லாமல் அலுமாரியைத் திறந்து அடக்கப் பதிவுப் புத்தகத்தை எடுத்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. இங்கிலீசில் இருந்ததை அவரே தமிழில் சொன்னார்.

"ஆ, இருக்குது மகள். பிரெண்டன் ஹனிகன். அயர்லாந்து, கெரி மாவட்டம், லிஸ்டோவல் ஊர். தகப்பன் பேரும் இருக்குது."

எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. தம்பி தப்பித்தான் என்றே நினைத்தேன்.

"ஐயோ பாவமே," என்று சுவாமியார் விரலை ஒரு வரி மேலே நகர்த்தினார். "இதுவும் இவங்க வீட்டுச் சாவுதான். மேரி ஹனிகன். மூணு வயசு. தகப்பன் பிரெண்டன், தாய் நல்லம்மா. அதே காய்ச்சல். புள்ள மொதல்ல போயிருக்கு, அஞ்சாம் நாள் தகப்பன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த மேரி? மேரி என் பக்கத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்தார். அம்மா விசிறுவதை நிறுத்தினாள்.

"செத்துப்போன புள்ளையோட பேர அடுத்துப் பொறக்குற புள்ளைக்கு வைப்பாங்க," என்று மெதுவாகச் சொன்னாள். "எங்க லயத்துல எத்தன வீட்டுல பாத்திருக்கேன். அந்தப் புள்ளையே திரும்பி வந்திருக்குன்னு நெனப்பாங்க. ஆனா பேரச் சொமக்குற புள்ளைக்கிட்ட அந்தச் சாவச் சொல்லமாட்டாங்க. சொன்னா இதுவும் தங்காது."

அதற்குமேல் யாரும் எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை. ஹனிகன் செத்தது நாற்பத்தொன்றில், அம்மா பிறந்தது நாற்பத்துமூன்றில். யுத்த காலம், அரிசிக்குக் கூப்பன். கூப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தகரப் பெட்டிக்குள் மேரி என்ற பெயரில் ஒரு சான்றிதழ் சும்மா கிடந்தது. புதுப் பிள்ளைக்கும் மேரி என்றுதான் பெயர். நல்லம்மா அதைக் கொண்டுபோய்க் காட்டியிருப்பாள், அரிசி கிடைத்திருக்கும். பிறகு பள்ளிக்கூடத்துக்கும் அதுவே போயிற்று, லயத்துப் பிள்ளையின் வயதை யார் எண்ணிப் பார்த்தார்கள்? ஒரு செத்த பிள்ளையின் தகப்பனுக்காக என் அம்மா ஆயுள் முழுக்க அடிபிடிப்பட்டிருக்கிறாள். கறுப்பையா பெரிய மனசால் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை. பெற்ற பிள்ளை நானும் நம்பவில்லை.

அம்மா தொடையில் ஓங்கித் தட்டினாள். "பாத்தியாடி! பாத்தியா! நான் சொன்னேனா இல்லியா? எங்கப்பா கறுப்பையாதான்!" சுவாமியாரைப் பார்த்து, "சாமி, எங்கப்பா பேரு கறுப்பையா சாமி" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். "எனக்கு ஒரு அக்கா இருந்திருக்கா. மூணு வயசுல... அந்தக் கொழந்தைக்கு ஒரு பூப்போட யாரு இருந்தா?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் பதிவுக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டாள். சுவாமியார் இரண்டு பிரதிகளும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். எதற்கென்று அவர் கேட்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தபோது அவருக்கு ஏதோ தெரிந்திருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில் ஹனிகனின் கல் பாசி பிடித்து நின்றது. பிள்ளைக்கென்று தனியாக ஒன்றுமில்லை. அம்மா குனிந்து கல்லைச் சுற்றிப் புல்லை விலக்கித் தேடினாள். அந்த வெள்ளைக்காரன்மேல் எனக்கு எத்தனையோ வருடத்துக் கோபம் இருந்தது. அன்றைக்கு அது வரவில்லை. மகளுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டவன்மேல் எப்படிக் கோபப்படுவது?

பஸ்ஸில் ஏறியதும் அம்மா பக்கத்து சீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, ஒங்களுக்கு பன்வில பக்கம் ஆளுங்கள தெரியுமா? என்னய அங்க வெள்ளக்காரன் மகளுன்னு சொல்லுவாங்க. இந்தா பாருங்க, கோயில் முத்திர..." நான் அவள் தொடையில் கிள்ளினேன். அவள் கையைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தாள். அந்த லயத்தில் யார் யார் வாசலில் போய் நின்று இந்தக் காகிதத்தைக் காட்டவேண்டும் என்று பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளை அப்படிச் சந்தோஷமாக நான் என் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"அம்மா, வாய மூடு," என்றேன் காதருகில். "இத வெளியில காட்டினா தம்பி போகமுடியாது."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரி, "அப்புறம்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லீங்க," என்று சொல்லிவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரவு என் வீட்டில் தங்கினாள். காலையில் முஹைதீன் நானாவின் போன் வந்தது. அந்த இரண்டு பேரும் மறுபடியும் கடைக்கு வந்து, இந்தத் தடவை வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். "தங்கச்சி, எனக்கும் புள்ளகுட்டி ஈக்கி. கெதியா பாருங்கொ" என்றார்.  அவர்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள். "அந்தச் சின்னப் புள்ளைக்குக் கச்சேரியில சாவு சட்டிபிக்கட் இருக்கா?" என்று கேட்டாள். ஹனிகனுடையதைத் தேடியபோது அந்த வருடத்து ஏட்டில் அந்தப் பெயரில் வேறு யாரும் இல்லை என்று எழுத்தர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. யார் போய்ப் பதிந்திருப்பார்கள்? தகப்பன் சாகக் கிடந்தான். தாய் கையெழுத்துத் தெரியாதவள். "இல்ல" என்றேன்.

"அப்ப பேப்பர்ல அவ சாகல. அப்ப நாந்தான் அவ."

மடியிலிருந்து கோயில் பிரதியை எடுத்தாள். பிள்ளையின் பதிவு உள்ளதுதானா என்று எனக்குக் காட்டிச் சரி பார்த்துக்கொண்டாள். அதை மடித்துக் கேத்தலுக்குக் கீழே எரிந்த விறகுக்குள் செருகினாள். நான் தடுக்கவில்லை. தடுக்கவேண்டும் என்றும் இருந்தது, அதுவும் உண்மை. "அப்பா கோவிச்சுக்க மாட்டாரு," என்றாள் யாரிடமோ. "பேரனுக்குத்தானே."

விமலநாதனின் கந்தோரில் அவர் சத்தியக் கடதாசியை உரக்க வாசித்தார். மேரி ஆகிய நான், பிரெண்டன் ஹனிகன் என்பவரின் மகள், சைவ சமயத்தவள் என்பதால் தெய்வ நம்பிக்கையோடு உண்மையாக உறுதிகூறுவதாவது, என்று போனது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

"அம்மா, ஒருக்கா உங்கட வாயாலையும் சொல்லுங்கோ. உங்கட தகப்பன்ரை பெயர் என்ன?"

சுவரில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவின் உதடு இரண்டு தடவை திறந்து மூடியது. கறுப்பையா என்று சொல்லிவிடுவாளோ என்று நான் பயந்தேன். சொல்லிவிடட்டுமே என்றும் ஒரு மனது கிடந்து அடித்துக்கொண்டது.

"ஹனிகன் தொரை," என்றாள்.

தம்பி மறு வருடம் போனான். போகிறவரை அவனை எங்கெங்கே ஒளித்துவைத்தோம் என்பது தனிக் கதை. டப்ளினில் ஹபீல் இருந்த வீட்டிலேயே ஒரு அறை கிடைத்தது. பிறகு வேலை, கல்யாணம், ஒரு பெண் குழந்தை. போனில் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டால் அம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவே மாட்டாள்.

தோட்டத்தில் கதை பரவாமல் இருக்குமா? மேரி கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்டாளாம், மகன் சீமைக்குப் போய்விட்டானாம் என்று பீலியடி முழுக்க அதே பேச்சு. "வெள்ளக்காரன் மகளாப் பொறந்ததும் நல்லதாத்தான் போச்சு மேரி" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அம்மா ஒருத்தியையும் ஏசவில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் ஒரு தடவையாவது அந்தக் குடத்தைத் தூக்கி எவள் மண்டையிலாவது போடமாட்டாளா என்று நான் ஏங்கினேன். போடவில்லை.

அதற்குப் பிறகும் எங்களை நிம்மதியாக இருக்கவிட்டார்களா? அம்மா காலமெல்லாம் சொன்னதையே எடுத்து எவனோ எவளோ அயர்லாந்து அரசாங்கத்துக்கு மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டிருக்கிறார்கள். மேரி கறுப்பையாவின் சொந்த மகள், ராஜரத்தினம் பொய் சொல்லிப் பாஸ்போட் வாங்கினான் என்று. விசாரணை என்று தம்பிக்கு அங்கே கடிதம் வந்தது. பொய்ச் சத்தியம் என்று தெரிந்தால் பிரஜாவுரிமையைப் பறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். இங்கே சண்டை முடிந்தால் என்ன, வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களை ஏர்போட்டிலேயே கொண்டுபோனதாக எத்தனை கதை கேட்டோம். அந்த விசாரணை முடிவதற்குள் அம்மா செத்துப்போனாள். இரண்டாயிரத்துப் பதின்மூன்று, மாசி மாதம், லயத்து வீட்டில், தூக்கத்திலேயே.

தம்பி காலையில் போன் எடுத்து அழுதான். வரமுடியாது என்று அழுதான். அழுது முடிந்ததும், "அக்கா, மரணப் பதிவுல தகப்பன் பேரு கேப்பாங்க. மாத்திக் கீத்திச் சொல்லிடாதக்கா. இங்க எல்லாத்தையும் எடுத்துப் பாக்குறாங்க" என்றான். எனக்கு வந்த கோபத்துக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். ஆனால் அவனுக்கு நான் அக்கா. பதிவாளரிடம் போய் அந்தப் பெயரையே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

லயத்துக்குத் திரும்பியபோது தப்பு அடிக்கிறவர்கள் வந்திருந்தார்கள். அம்மாவைக் குளிப்பாட்டி நான் வாங்கிய சேலையைக் கட்டி வாசலில் கிடத்தியிருந்தோம். பெண் செத்தால் அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து மேலே போடவேண்டும். அதைப் போடாமல் எங்கள் ஆட்கள் பாடையைத் தூக்குவதில்லை. நாதியற்றுப் போனவளுக்குத்தான் அது இல்லாமல் போகும். கறுப்பையாவின் வழியில் இப்போது இருப்பது சின்னமுத்து ஒருவன்தான். அம்மாவின் தம்பி மகன். தாயில்லாத அவனை இடுப்பில் வைத்து வளர்த்ததே அம்மாதான். அவனுக்கு ஆள் அனுப்பியிருந்தோம்.

வந்தான். கையில் ஒரு கடைப் பை இருந்தது. அம்மாவின் காலடியில் நின்று நன்றாக அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். வாசல் முழுக்க ஆட்கள். தப்புக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"மதினி, நான் சண்டைக்கு வரல," என்றான். "அத்த சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டாங்கன்னு சொல்றாங்க, எங்க தாத்தா மக இல்லேன்னு. அவங்க உசுரோட இருந்தப்ப கேக்க எனக்கு வாய் வரல. கோடிய வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். ஆனா தாத்தாவே இல்லேன்னு எழுதிக் குடுத்தவங்களுக்கு நான் எந்த மொறையில போடுறது? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அத்த எங்க தாத்தா மகதானேன்னு சொல்லுங்க. போட்டுடுறேன்."

அவன் முகம் கெஞ்சியது. சொல்லு, சொல்லித் தொலையேன் என்பதுபோல் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. கண்டிக்கு வெளியே அந்த மேட்டுக் கோயிலில் புத்தகம் இன்னும் இருக்கிறது. போய்ப் பார் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. அம்மா எதற்காக எல்லாரோடும் சண்டை பிடித்தாளோ அதை அவள் காதோடு சொல்லி அனுப்ப எனக்கு இதைவிட வேறு நேரம் வரப்போவதில்லை. வாசலில் நின்ற முகங்களைப் பார்த்தேன். மொட்டைக் கடுதாசி போட்ட கை இவற்றில் ஒன்றினுடையதுதான். எது என்று எனக்குத் தெரியாது. நான் இங்கே சொல்வது நாளைக்கே அயர்லாந்துக்குப் போய்ச் சேரும்.

"சொல்லுங்க மதினி."

"இல்ல," என்றேன். "அம்மா ஹனிகன் தொரையோட மகதான்."

சின்னமுத்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்களை விலக்கிப் படியிறங்கிப் போனான். பெண்கள் பக்கம் யாரோ, "அப்ப கோடி?" என்று கேட்டார்கள்.  வெயில் ஏறுகிறது, நேரமாகிறது, தூக்குங்கள் என்று நான்தான் சொன்னேன்.